நிற்கும் பலூன், படுக்கும் பலூன்: 'லுக் பேக்' படித்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. நடத்துபவர் என் பள்ளிக்கால நண்பர். அவருடைய பில்லிங் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் நான் போய்ப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு ஒன்பதாவது படிக்கும் என் மகளும் கூட வந்தாள்.

நீள டேபிளில் கட் பீஸ்களை வரிசையாக ஒட்டி வைத்து ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன் முகம், அதுக்குக் கீழே நாலைந்து ஜப்பானிய எழுத்து. 1997-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' மங்காவின் லூஃபி. மகள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்பா, தழும்பு தப்பான கண்ணுக்குக் கீழ இருக்கு" என்றாள்.

லூஃபிக்கு இடது கண்ணுக்குக் கீழேதான் தழும்பு. டேபிளில் இருந்தவனுக்கு வலது கண்ணுக்குக் கீழே இருந்தது. ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்ணும்போது யாரோ ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மொத்தப் படமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி விழுந்திருக்கிறது. எழுத்தும் அப்படியேதான். முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் முகம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், பட்டறையில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அறுபது பீஸோடு நிறுத்தினார்கள். "அம்மணி, நீங்க மட்டும் வரலீன்னா மொத்த ஆர்டரும் செகண்ட்ஸுக்குப் போயிருக்குமுங்" என்று நண்பர் அவள் கையில் ஒரு மேங்கோ ஜூஸைக் கொடுத்தார். (அவர் சொன்ன அந்த 'நீங்க'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வேலை இருக்கிறது.)

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இதெல்லாம் தமிழ்ல வந்தா படிப்பியா?"

"தமிழ்ல மங்கா நல்லா இருக்காதுப்பா."

"ஏன்?"

"பேசறது ஒட்டாது."

நான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே காமிக்ஸில்தான். எழுபதுகளின் சிவகாசிப் புத்தகங்கள் எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் வாடகை நூலகத்துக்கு அட்டை கிழிந்து வந்து சேர்ந்திருந்தன. அதைப் படித்து வளர்ந்தவனிடம் 'தமிழில் ஒட்டாது' என்றால் சும்மா விடமுடியுமா? அவள் அலமாரியிலிருந்து ஒரு மங்காவை எடுத்தேன். அதைப் படித்ததும், அதன் சில பக்கங்களைத் தமிழாக்கிப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

புத்தகம்

'லுக் பேக்'. எழுதி வரைந்தவர் தத்சுகி ஃபுஜிமோட்டோ. 'செயின்சா மேன்' என்ற ரத்தக்களறித் தொடரால் பெயர் பெற்றவர். இது அந்த வகை இல்லை. 2021 ஜூலை 19 அன்று இணையத்தில் ஒரே மூச்சில் வெளியான, 140 பக்கத்தைத் தாண்டிய ஒற்றைக் கதை. ஆங்கிலப் புத்தகம் 2022-ல் விஸ் மீடியாவிலிருந்து வந்தது. 2024-ல் அனிமே படமாகவும் வந்துவிட்டது. ஆக இது சுடச்சுட வந்த புத்தகம் இல்லை, ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதுசு.

நாலாம் வகுப்புச் சிறுமி ஃபுஜினோ. பள்ளிச் செய்தித்தாளில் நாலு கட்டக் காமிக்ஸ் வரைகிறாள். எல்லாரும் புகழ்கிறார்கள், தலைக்கனம் ஏறுகிறது. ஒருநாள் அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாலு கட்டம் அச்சாகிறது. பள்ளிக்கே வராமல் வீட்டறையில் அடைந்து கிடக்கும் கியோமோட்டோ என்ற சிறுமி வரைந்தது. அதில் ஆட்களே இல்லை, வெறும் பின்னணிகள் மட்டும். ஆனால் அந்த வரைச்சலுக்கு முன்னால் ஃபுஜினோவின் படம் குழந்தைக் கிறுக்கல். அதற்கப்புறம் ஃபுஜினோ வெறி பிடித்த மாதிரி பழகுகிறாள். மேசை முன்னால் குனிந்த அவள் முதுகு மட்டும் மறுபடி மறுபடி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே பருவம் மாறுகிறது. ஒரு வசனமும் கிடையாது. உழைப்பைக் காட்ட இதைவிட நேர்மையான பக்கங்களை நான் காமிக்ஸில் பார்த்ததில்லை. உழைக்கிறவனுடைய முதுகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். எங்க ஊரில் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும் யாருக்கும் இது புரியும்.

பிறகு இருவரும் சந்திக்கிறார்கள், சேர்ந்து வரைகிறார்கள், ஒரு கட்டத்தில் பிரிகிறார்கள். பின்பாதியில் ஒரு கொடூரம் நடக்கிறது. அதை இங்கே சொல்லப் போவதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் கதை ஒரு 'இப்படி நடந்திருந்தால்' பாதைக்குள் போகிறது. அந்தப் பாதையில் எல்லாம் கொஞ்சம் சுளுவாகவே கூடி வருகிறது. முதுகுப் பக்கங்கள் சம்பாதித்த கனத்தை அது கொஞ்சம் செலவு பண்ணிவிடுகிறது என்பது என் கட்சி.

'லுக் பேக்' என்ற தலைப்பையே தமிழாக்கிப் பார்த்தேன். 'திரும்பிப் பார்' என்றால் முதுகு போய்விடுகிறது. 'முதுகைப் பார்' என்றால் காலம் போய்விடுகிறது. தமிழில் இந்த 'முன்', 'பின்' விவகாரமே தனி. முன்னோர் என்றால் நமக்கு முந்திப் போனவர்கள். பின்னாள் என்றால் இனி வரப்போகும் நாள். அதாவது போனது நமக்கு முன்னால் இருக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் நடக்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருகிறவர் நடக்கிறார். கதையில் இந்த இரண்டு பெண்களும் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஒரு நல்ல தமிழ்த் தலைப்பு அந்த இடத்தில் எங்கோ ஒளிந்திருக்கிறது. எனக்கு இன்னும் அகப்படவில்லை.

திருப்பிப் போட்ட ஃபிலிம்

பட்டறையில் தெரியாமல் நடந்ததை மேற்கு நாடுகளில் ரொம்ப வருஷம் தெரிந்தே செய்தார்கள். ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடும், ஆங்கிலம் இடமிருந்து வலம். அதனால் மொத்தப் பக்கத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடித்தார்கள். 1988-ல் மார்வெலின் எபிக் பிரிவு 'அகிரா'வை அப்படித்தான், கூடவே வண்ணமும் பூசி வெளியிட்டது. விளைவு, சாமுராய்கள் எல்லாரும் இடது கைக்காரர்கள் ஆனார்கள். கிமோனோவின் மடிப்பு மாறியது. ஜப்பானில் வலது மடிப்பு மேலே வரும்படி கட்டுவது இறந்தவர்களுக்குத்தான். நம்ம ஊர்க் கதையைத் திருப்பினால் எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் கிடக்கும். 2002 வாக்கில் டோக்கியோபாப் நிறுவனம் 'திருப்பமாட்டோம், நீங்களே வலமிருந்து படித்துப் பழகுங்கள்' என்று முடிவெடுத்தது. அமெரிக்கப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

என் மகளும் அப்படித்தான். வலமிருந்து இடம் அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தமிழில் வந்தாலும் இருக்காது. எழுத்து பலூனுக்குள் இடமிருந்து வலம், பலூன்கள் பக்கத்துக்குள் வலமிருந்து இடம். எனக்குத்தான் முதல் இருபது பக்கம் சட்டையை உள்வெளியாகப் போட்ட மாதிரி இருந்தது. (வீணான அறுபது பீஸில் ஒன்றை நண்பர் அவளுக்கே தைத்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் போட்டுக்கொள்கிறாள். கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் லூஃபி சரியாக இருப்பான்.)

அப்படியென்றால் 'ஒட்டாது' என்றது எதை?

பலூன்

நான் செய்தது இது. ஐந்து பக்கங்களை ஸ்கேன் செய்து, கிம்ப்பில் திறந்து, பலூன்களை வெள்ளையடித்து, 'கவிவனார்' எழுத்துருவில் தமிழ் போட்டேன். வீட்டுக்குள் மட்டும், எங்கள் இருவருக்கு மட்டும். முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டது.

ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது. அதனால் மங்கா பலூன் உயரமாக, ஒல்லியாக நின்றுகொண்டிருக்கும். ஒப்பிட என் அலமாரியிலிருந்து ஒரு டெக்ஸ் வில்லரை எடுத்தேன். 1948-ல் இத்தாலியில் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் உருவாக்கிய கௌபாய். அந்தக் காலத்தில் நீளவாட்டுப் பட்டைப் புத்தகமாக வந்தது, அதனால் இன்றைக்கும் ஒரு பக்கத்துக்கு மூன்று பட்டை என்பதுதான் அதன் சட்டகம். அங்கே பலூன் அகலமாகக் கட்டத்தின் மேல் படுத்துக்கொண்டிருக்கும். தமிழும் படுத்து நீளும் மொழி. விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும். இத்தாலிக்காரன் பலூனில் தமிழ் சௌகரியமாகக் கால் நீட்டியது. ஜப்பான்காரன் பலூனில் கூனிக் குறுகி நிற்கிறது.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 'வந்துகொண்டிருக்கிறேன்'. தமிழ்க் கணக்கில் 11 எழுத்து, யூனிகோடு கணக்கில் 21 குறியீடு. ஆங்கிலத்தில் இதே விஷயம் இரண்டு மூன்று சின்னச் சொல்லாக உடையும், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். தமிழில் ஒரே சொல். ஒல்லி பலூனில் போட்டால் ஒன்று எழுத்தைப் பொடியாக்க வேண்டும், இல்லை சொல்லை உடைக்க வேண்டும். நான் முதலில் மென்பொருளை அதன் போக்கில் உடைக்க விட்டேன். 'வந்துகொ / ண்டிருக்கிறே / ன்' என்று வந்தது. வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக்கூடாது என்பது பழைய அச்சுக்கோர்ப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. அதை ஒரு சின்ன பைத்தான் நிரலாக எழுதினேன். 'வந்து / கொண் / டிருக் / கிறேன்' என்று ஒழுங்காக உடைந்தது. அப்பவும் ஒரே ஒரு சொல்லுக்கு நாலு வரி. ஓடி வந்து மூச்சு வாங்கிச் சொல்ல வேண்டிய பேச்சு, ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. யார் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று பேசுகிறார்கள்? 'வந்துட்டிருக்கேன்' 9 எழுத்து. 'வர்றேன்' 4 எழுத்து. 'பார்த்துக்கொண்டிருந்தாள்' 12, 'பாத்துட்டிருந்தா' 8. பேச்சுத்தமிழ் ஏற்கெனவே ஒல்லியாகத்தான் இருக்கிறது. பலூனுக்குள் அடங்காதது எழுத்துத்தமிழ் மட்டும்தான்.

இங்கே சிவகாசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் மாடஸ்டி பிளைசியோடு லயன் காமிக்ஸ் தொடங்கியது. ஆசிரியர் எஸ். விஜயன் இன்றைக்கும் விடாமல் நடத்துகிறார். 'மின்னும் மரணம்' போன்ற பிரெஞ்சு கௌபாய் காவியத்தை 2015-ல் முழுத் தொகுப்பாகத் தமிழில் கையில் ஏந்தியவன் என்ற முறையில் எனக்கு அந்த உழைப்பின்மேல் மரியாதை உண்டு. லக்கி லூக், சிக் பில் மாதிரி சிரிப்புக் கதைகளில் அவர்களுடைய தமிழ் துள்ளும். பேச்சு வரும், நக்கல் வரும், சினிமா வரும். சீரியஸ் கதைக்குப் போனால் எல்லாரும் பெரும்பாலும் எழுத்துத்தமிழ் பேசுவார்கள். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. டெக்ஸ் எந்த ஊர்த் தமிழ் பேசுவார்? மதுரையா, சென்னையா? எழுத்துத்தமிழ் என்றால் நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே மாதிரி படிக்கலாம். தூரத்து அரிசோனாப் பாலைவனத்தில் நடக்கும் கதைக்கு அந்தக் கொஞ்சம் விறைப்பான தமிழே ஒரு அழகு. நான் அந்த விறைப்பில் வளர்ந்தவன், ரசித்தவன்.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு அகலமான பலூன் துணை நின்றது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். இடம் இருந்தது, அதனால் 'கொண்டிருக்கிறேன்' இருந்தது. ஒல்லி பலூன் அந்தச் சலுகையைத் தராது. மங்காவைத் தமிழாக்க நினைப்பவர் முதல் பக்கத்திலேயே பேச்சா எழுத்தா என்று முடிவெடுத்தாக வேண்டும். அது பாணி சம்பந்தப்பட்ட முடிவு மட்டும் இல்லை, அங்குலக் கணக்கும் கூட.

பலூனுக்குள் இருக்கும் சில சொற்கள் ஒரு கதையையே எப்படி மாற்றும் என்பதற்கு 'லுக் பேக்' தானே சாட்சி. கதை இணையத்தில் வந்தது, 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவில் நடந்த தீவைப்பில் 36 பேர் இறந்ததன் இரண்டாம் நினைவு நாளுக்கு அடுத்த நாள். பின்பாதிக்கும் அந்தச் சம்பவத்துக்கும் உள்ள நிழல் தொடர்பை வாசகர்கள் உடனே பேசினார்கள். கதையில் வரும் குற்றவாளியின் பேச்சு, மனநோய் உள்ளவர்களைப் பற்றிய தப்பான பிம்பத்தை வலுப்படுத்துகிறது என்று எதிர்ப்பும் எழுந்தது. ஆகஸ்டில் அந்த வசனங்களை மாற்றினார்கள். செப்டம்பரில் புத்தகமாக வந்தபோது மறுபடியும் திருத்தினார்கள். மாறியது பலூனுக்குள் இருந்த எழுத்து. ஆனால் அந்த ஆள் யார், ஏன் வந்தான் என்பதே வேறாகிவிட்டது. புதுக் காமிக்ஸ் வந்தால் தாள் தரம், பக்க எண்ணிக்கை, விலை, ஓவியம், கதைச்சுருக்கம் எல்லாம் எழுதுகிறோம். வசனத்தைப் பற்றி 'மொழிபெயர்ப்பு அருமை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அது போதாது.

டோக்கி டோக்கி, திக் திக்

சத்தங்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் மங்கா படிக்கும்போது எனக்குச் சப்பென்று படும் இடம் இதுதான். ஜப்பானிய மொழியில் சத்தத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரு வகை, சத்தமே இல்லாத நிலையைக் குறிக்கும் சொற்கள் இன்னொரு வகை. பெரும்பாலும் இரட்டித்து வரும். நெஞ்சு அடித்தால் 'டோக்கி டோக்கி'. நட்சத்திரம் 'கிரா கிரா'. இடி 'கோரோ கோரோ'. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் நேர் சொல் தேடி அலைகிறார்கள்.

நமக்கு அலைச்சலே இல்லை. திக் திக். மினுமினு. கடகட. நம்ம இலக்கணத்தில் இதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்துப் பள்ளியிலேயே மனப்பாடம் பண்ண வைத்துவிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், உரிச்சொல்லைப் பற்றிச் சொல்லும்போது தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். காதுக்குக் கேட்பது வேறு, மனசால் உணர்வது வேறு என்ற அதே பிரிவு. தொல்காப்பியர் மங்காவுக்கு இலக்கணம் எழுதினார் என்று கிளம்பிவிடாதீர்கள். இரண்டு மொழிகளுக்கும் உலகத்தை ஒரே மாதிரி காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வாயைப் பிளந்து நிற்பதற்கு ஜப்பானியத்தில் 'போகான்' என்று ஒரு சொல் உண்டு. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மகள் கேட்டாள். ராஜேந்திரகுமார் நாவல் படித்த தலைமுறைக்கு இது ஒரு கேள்வியா? 'ஙே'! ஒரே எழுத்து. எவ்வளவு ஒல்லியான பலூனிலும் அடங்கும். அவளுக்கு அந்த எழுத்தை வாழ்க்கையில் பயன்படுத்த முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்க, நீ

கடைசியாக, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடம்.

இரு சிறுமிகளும் முதல்முறை சந்திக்கும் காட்சி. ஃபுஜினோ வெறுப்பில் வரைவதையே விட்டிருக்கிறாள். ஆசிரியர் சொன்னதற்காகக் கியோமோட்டோ வீட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறாள். அறைக்குள்ளேயே கிடந்த கியோமோட்டோ வெளியே ஓடி வந்து அவளை 'சென்செய்' என்கிறாள். ஆசான் என்று சொல்லலாம். முதுகில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறாள். இருவரும் ஒரே பள்ளி, ஒரே வயது. ஃபுஜினோ யாரிடம் தோற்றதாக நினைத்தாளோ, அவளே இவளைக் கும்பிடுகிறாள்.

'சென்செய்' என்ற சொல் அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்குப் பழக்கம். ஒரு ஜப்பான் வாசனையாக அது கடந்து போய்விடும். தமிழில் நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கியோமோட்டோவை 'நீங்க' என்று பேச வைத்தேன். மகள் அந்த பலூனில் டக்கென்று நின்றாள்.

"இவ எதுக்கு நீங்கங்கறா? ரெண்டு பேரும் ஒரே செட்டுதானே?"

இங்கே ஒரு கொங்குக் குழப்பமும் உண்டு. எங்க ஊரில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளையே 'வாங்க கண்ணு, போங்க அம்மணி' என்பார்கள். பட்டறை நண்பர் சொன்ன 'நீங்க' அந்த ரகம். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள் 'நீ', 'வாடி', 'போடி'தான். அதனால்தான் அவளுக்கு உறுத்தியது. காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மூணு தடவை படிச்சிருக்கேன்ப்பா. இது இவ்வளவு பெரிய விஷயம்னு தெரியல."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் 'நீங்க' என்று தொடங்கிவிட்டால், அது எந்தக் கட்டத்தில் 'நீ' ஆகிறது என்பதையும் தமிழ்க்காரன் சொல்லியாக வேண்டுமே. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல், தப்பித்துவிடலாம். நான் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். பரிசுப் பணம் கையில் வந்ததும் இருவரும் ஊர் சுற்றப் போகும் பக்கம். ஃபுஜினோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, கியோமோட்டோ பின்னால் வருகிறாள். நட்பு உறுதியாகிவிட்டது, இங்கே 'நீ' வரலாம் என்பது என் வாதம்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "கையப் பிடிச்சு இழுக்கறது ஃபுஜினோ. அவளுக்கு எப்பவுமே நீதான். பின்னாடி வர்றவளுக்கு அங்க நீ வராதுப்பா. அவ இன்னும் முதுகத்தானே பாக்கறா."

பதில் சொல்ல முடியவில்லை. தலைப்பைப் பற்றி நான் முன்/பின் என்று இவ்வளவு யோசித்திருக்கிறேன், அந்தக் கட்டத்தில் அதைப் பார்க்கவில்லை. விமர்சனம் என்று நான் எழுத நினைத்ததைவிட அது நல்ல விமர்சனம். தமிழ் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடியதால் வந்தது.

அப்புறம் பென்சிலை அவள் வாங்கிக்கொண்டாள். கியோமோட்டோவின் பேச்சில் 'நீ'யும் இல்லாமல் 'நீங்க'வும் இல்லாமல் எழுத முடியுமா என்று முயற்சி. உதாரணத்துக்கு, 'படம் வரைந்துவிட்டாயா', 'வரைந்துவிட்டீர்களா' என்பதற்குப் பதில், 'வரைஞ்சாச்சா?' மாமியார் வீட்டுக்குப் புதுசாக வந்த மாப்பிள்ளை, மைத்துனனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பாரே, அந்த உத்தி. மரியாதையும் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது, இரண்டில் எதையும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். 'வரைந்துவிட்டீர்களா' 10 எழுத்து, 'வரைஞ்சாச்சா' 6. பலூனில் இரண்டு வரியில் உட்கார்ந்தது, ஓரத்தில் இடமும் மிச்சம்.

'லுக் பேக்' வாங்கலாமா? வாங்கலாம். கடைசிச் சுளுவு போக, முதல் எண்பது பக்கங்களுக்காகவே வாங்கலாம். என் அலமாரியில் தமிழ் மங்கா என்று ஒன்றும் இல்லை. நாளைக்கு யாராவது ஒன்று கொண்டுவந்தால் நான் தாளைத் தடவிப் பார்க்கப் போவதில்லை. நடுப்பக்கத்தில் ஏதாவது ஒரு ஒல்லி பலூனைத் திறந்து, உள்ளே யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

ஐந்து பக்கத்தில் மூன்று முடிந்திருக்கிறது. நாலாவதில் ஒரே ஒரு பலூன் பாக்கி. பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறாள்.